பதினேழு அறுபத்திரண்டு

அவளுக்குப் பீரங்கி என்று பெயர் வைத்தவர் ஒரு பத்திரிகைக்காரர். அதற்கு முன்பும் அவளுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் வைத்தவை, அவற்றை இங்கே சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. அவற்றோடு பார்த்தால் பீரங்கி என்பது பட்டமளிப்பு மாதிரி இருந்ததால் அவளும் மறுப்புச் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதிலேயே அப்பாவின் செருப்பு அவள் காலுக்குப் போதவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். நாலு கிலோ இரும்புக் குண்டைத் தாடைக்கடியில் அழுத்தி அழுத்தி, வலது காதுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் தடித்துக் கறுத்துப் போயிருந்தது. என்ன சோப்பு போட்டும் அது போகவில்லை.

இருபத்திரண்டு வயதில், தேசியப் போட்டியில், அவள் எறிந்த குண்டு பதினேழு மீட்டர் அறுபத்திரண்டு சென்டிமீட்டரில் விழுந்தது. எறிபவர் நிற்கும் வட்டத்தின் முன்விளிம்பில் பதித்திருக்கும் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் முட்டி போட்டு உட்கார்ந்து, அளவு நாடாவைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், "பதினேழு அறுபத்திரண்டு" என்று உரக்கப் படித்தார். எழுதுபவர் எழுதிக்கொண்டார். அப்படித்தான் அது நாட்டின் சாதனை ஆயிற்று. அந்த நாடாவை வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை, பார்க்கும் வழக்கமும் இல்லை. குண்டு பதித்த பள்ளத்தை ஒரு ஆள் வாருகோலால் இழுத்து மூடிவிட்டுப் போனார்.

அவளுடைய பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். அவரும் ஒரு காலத்தில் குண்டு எறிந்தவர்தான். எங்கேயும் போய்ச் சேரவில்லை. சாதனை வந்த அடுத்த மாதமே அவளைப் பெண் கேட்டு வந்தார். வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம், அவளை அல்ல, அந்த எண்ணை. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டாள். கல்யாணமான அன்று ராத்திரிகூட அவர் அவளுடைய இடது முழங்கால் மடங்கும் கோணத்தைப் பற்றித்தான் பேசினார் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அக்கா சிரிக்கவில்லை.

மாஸ்டரிடம் ஒரு சட்டம் உண்டு. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் அவ்வப்போது செய்வதுதான். அவர் அதை வேதமாக்கி வைத்திருந்தார். குண்டு எறிந்த பிறகு வட்டத்தின் பின்பாதி வழியாக அமைதியாக வெளியே வந்தால் வெள்ளைக்கொடி. எறிதல் செல்லும், அளப்பார்கள். முன்னால் பலகையை மிதித்துவிட்டால் சிவப்புக்கொடி; செல்லாது, அளக்கமாட்டார்கள். ஆகவே எறிதல் சரியாக அமையவில்லையா, வேண்டுமென்றே பலகையை மிதித்துவிட வேண்டும்.

"மோசமான நம்பர் ஒரு தடவ தாள்ல ஏறிட்டா செத்தாலும் இறங்காது" என்பார். "மிதிச்சிட்டா வெறும் பெருக்கல் குறிதான் போடுவான். அது பத்து மீட்டரா இருபது மீட்டரான்னு எவனுக்குத் தெரியும்?"

எது மோசமான எறிதல் என்பதை அவள் முடிவு செய்யக்கூடாது. அதற்கு அவர் இருக்கிறார். பார்வையாளர் வரிசையில் பச்சைத் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார். குண்டு விழுந்ததும் அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும். தொப்பி தலையில் இருந்தால் பின்வழி. தொப்பியைக் கழற்றினால் மிதி. வீட்டுக்குப் பின்னால் அவரே சிமென்ட் குழைத்துப் போட்ட வட்டத்தில் காலையிலும் மாலையிலும் இதற்குத் தனிப் பயிற்சி நடந்தது. எறி, திரும்பு, பார், மிதி. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்கார வீடு என்று தோன்றியிருக்கும்.

இருபத்துநாலு வயதில் அவள் ஒலிம்பிக் போனாள். தகுதிச் சுற்றில் மூன்று வாய்ப்பு. முதல் குண்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே இடப்பக்கம் போய் விழுந்தது; செல்லாது. இரண்டாவது பதினைந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அவளுக்கு அது அவமானமான தூரம்தான், ஆனாலும் ஒரு தூரம். தொப்பி கழன்றது. மிதித்தாள். மூன்றாவது தடவை பதற்றத்தில் கால் தானாகவே பலகைமேல் ஏறிவிட்டது. உலகம் முழுக்கப் போன முடிவுத்தாளில் அவள் பெயருக்கு எதிரே மூன்று பெருக்கல் குறிகள் மட்டும் இருந்தன. கடைசியாக வந்தவளுக்குக்கூட ஒரு எண் இருந்தது.

அவள் உடை மாற்றும் அறையில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்த நேரத்தில், மாஸ்டர் தொலைபேசியில் ஊர்ப் பத்திரிகைக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டாவது எறிதல் பத்தொம்பதத் தாண்டிச்சுங்க. கால் நுனி லேசாப் பட்டுருச்சு, கெட்ட நேரம். இல்லன்னா இன்னைக்கு இறுதிச் சுற்று."

ஓட்டப் பந்தயத்தைத் தவிர வேறெதையும் தொலைக்காட்சியில் காட்டாத காலம் அது. குண்டு எங்கே விழுந்தது என்று போய்ப் பார்க்க யார் மெனக்கெடப் போகிறார்கள்? ஊர் திரும்பியபோது அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பூங்கொத்துகளோடு வந்தவர்களிடம், அது பதினைந்துதான், நானாகத்தான் மிதித்தேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அழுது வீங்கிய கண்ணுக்கு அந்தப் பூங்கொத்துகள் இதமாக இருந்தன என்பதும் உண்மை. மின்சார அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அவள் உட்காரும் கவுன்ட்டருக்கு மேலே குண்டோடு அவள் நிற்கும் படத்தை மாட்டி, அடியில் பெரிதாக 19 என்று எழுதினார்கள். மாஸ்டர் தன் பயிற்சிக் கூடத்துக்குப் பத்தொன்பது என்றே பெயர் வைத்தார். புதிய மின் இணைப்புக்கு விண்ணப்பம் கொடுக்க வருகிறவர்கள் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு முத்திரை குத்துவாள்.

எட்டு வருடம் இப்படி ஓடியது. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்த உண்மையான எண் பதினேழு அறுபத்திரண்டு ஒன்றுதான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்தொன்பது அதை விழுங்கிவிட்டது. அவளுக்கு ஒரே ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. இன்னொரு முறை அந்த மேடைக்குப் போய், பதினாலோ பதினைந்தோ, விழுந்ததை அளக்க விட்டு, பெயருக்கு எதிரே ஒரு எண்ணோடு திரும்பி வர வேண்டும். இதை யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டரிடம் சொல்லக்கூடியதா அது?

முப்பத்திரண்டு வயதில் வாய்ப்பு வந்தது. அதுவும் நேர்வழியில் வரவில்லை. இருந்தது ஒரே இடம். தேர்வுப் போட்டியில் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இருபது வயதுப் பெண் ஒருத்தி, பதினேழு முப்பத்தொன்று எறிந்தாள். பீரங்கி எறிந்தது பதினேழு இருபது. தேர்வுக் குழுவுக்குள் மாஸ்டர் புகுந்து புறப்பட்டார். "உலக மேடையில பத்தொம்பது போட்டவள விட்டுட்டு, நேத்து முளைச்ச பொண்ண அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டார். குழு பத்தொன்பதை அனுப்பியது. நெட்டை அன்று மைதானத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். பீரங்கி அவளைக் கடந்துபோகும்போது கால்களை வேகமாக எடுத்து வைத்தாள்.

தகுதிச் சுற்று. காலை வெயில். தரையில் பதினேழுக்கு ஒரு வெள்ளைக் கோடு, பதினெட்டுக்கு ஒன்று, பத்தொன்பதுக்கு ஒன்று. பீரங்கி முதல்நாளே முடிவு செய்துவிட்டாள்: தொப்பியைப் பார்ப்பதில்லை. எது விழுந்தாலும் பின்வழி. வட்டத்துக்குள் போய், எறியும் திசைக்கு முதுகு காட்டி நின்று, குண்டைக் கறுத்த தோலில் அழுத்தினாள். குனிந்து, ஒற்றைக்காலில் பின்னால் வழுக்கித் திரும்பியபோதே தெரிந்துவிட்டது. காலில் கிளம்பியது இடுப்பில் நிற்காமல், தோளில் சிக்காமல், விரல் நுனிவரை வந்து போயிற்று. பதினைந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறது. இது அதைவிட நன்றாகப் போயிற்று.

குண்டு பதினெட்டுக் கோட்டை ஒட்டி விழுந்தது. கோட்டுக்கு இந்தப்புறம், ஒரு சாண்கூட இல்லை. பதினேழு தொண்ணூறு, கொஞ்சம் கூடுதலாகவும் இருக்கலாம். முப்பத்திரண்டு வயதில், சொந்தச் சாதனையை ஊதித் தள்ளிய எறிதல். அவள் பார்த்தாள், பள்ளம் தெரிந்தது, நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவைக் காட்ட இந்த உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே ஆள் பக்கம் திரும்பினாள்.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கணக்கு அவருக்கு. பதினேழு தொண்ணூறு தாளில் ஏறினால், பத்தொன்பது என்னாவது? எட்டு வருடம் முன்பு இவள் பத்தொன்பது போட்டாளா என்று நாலு பேர் கேட்பார்கள். கூடத்தின் பெயர்ப்பலகை வாசலில் நின்று பல்லிளிக்கும். அவளும் இதையெல்லாம் யோசித்தாளா என்றால், இல்லை. யோசிக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை. எறி, திரும்பு, பார், மிதி. வலது கால் அவளைக் கேட்காமல் முன்னால் போய்ப் பலகைமேல் நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தபோதுதான் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. சிவப்புக்கொடி உயர்ந்தது.

"அளங்க" என்றாள் நடுவரிடம். தன் மொழியில்தான் சொன்னாள். நடுவருக்குப் புரியவில்லை. பணிவாகத் தலையசைத்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். ஒரு ஆள் வந்து பள்ளத்தை இழுத்து மூடினார்.

மற்ற இரண்டையும் சொல்லி நேரத்தை வீணாக்குவானேன். கைகால் ஆடிப்போனவள் என்ன எறிவாள்? ஒன்று பக்கத்து எல்லைக் கோட்டுக்கு வெளியே போயிற்று. இன்னொன்றில் தடுமாறிப் பலகையின் மேலேயே விழுந்து முழங்கை சிராய்ந்தது. மறுபடியும் மூன்று பெருக்கல் குறிகள்.

அன்று மாலை விடுதி அறையில் மாஸ்டர் அவள் முழங்கைக்கு மருந்து போட்டார். "ஏன் மாஸ்டர் கழட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"நான் கழட்டுனது வேர்வையத் துடைக்க" என்றார் அவர், பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே. "நீயா மிதிச்சிட்டு எம்மேல பழி போடாத."

அதன் பிறகு அவள் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னது பொய்யா மெய்யா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பெரிய தண்டனை.

ஊரில் வரவேற்புக் கூட்டம். போன தடவைக்குப் பாதிக் கூட்டம்தான், ஆனாலும் ஒலிபெருக்கி இருந்தது. மாஸ்டர் எழுந்து, முதல் எறிதல் இருபதைத் தொட்டது என்றார். பொய்யும் எட்டு வருடத்தில் ஒரு மீட்டர் வளர்ந்திருந்தது. கைதட்டல் அடங்கியதும், "இதுக்கு மேல இவ எறியறதுக்கு என்ன இருக்கு? இன்னையோட ஓய்வு" என்றும் அறிவித்தார். தான் ஓய்வு பெற்றுவிட்ட செய்தி பீரங்கிக்கு மற்ற எல்லோரோடும் சேர்ந்துதான் தெரியவந்தது.

ஒரு நிருபர் அவளிடம் ஒலிவாங்கியை நீட்டினார். அவளுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"இருபது இல்லீங்க. பதினேழு தொண்ணூறு இருக்கும். பதினெட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு. அந்த முதத் தடவையும் பதினஞ்சுதான். ரெண்டையும் நான் வேணும்னுதான் மிதிச்சேன்."

யாரோ சிரித்தார். உடனே கூடம் முழுக்கச் சிரிப்பு பரவியது. எவளாவது ஒலிம்பிக்குக்குப் போய் வேண்டுமென்று மிதிப்பாளா? மாஸ்டர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அவள் முதுகில் தட்டி, "இவ எப்பவுமே இப்படித்தான், தன்னடக்கம் ஜாஸ்தி" என்றார். மறுநாள் பத்திரிகையில் இருபது வந்தது, தன்னடக்கமும் வந்தது. அலுவலகத்தில் படத்துக்கு அடியில் இருந்த 19 மேல் ஒரு தாளை ஒட்டி 20 என்று எழுதினார்கள்.

ஒரு மாதம் கழித்து நெட்டை அந்தக் கவுன்ட்டருக்கு வந்தாள், வீட்டு இணைப்பை அப்பா பெயரிலிருந்து அம்மா பெயருக்கு மாற்ற. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டாராம். இப்போது அவள் மாஸ்டரிடம்தான் பயிற்சி எடுக்கிறாள். பீரங்கி ஓய்வு பெற்ற மறுவாரமே அவளைச் சேர்த்துக்கொண்டார்; பின்வாசல் சிமென்ட் வட்டத்துக்குத் தினமும் வருகிறாள். பீரங்கி சமையலறை ஜன்னலை மூடி வைத்துக்கொள்வாள்.

விண்ணப்பத்தை நீட்டியவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, அன்னைக்கு நீங்க சொன்னத நான் நம்புறேன்."

பீரங்கி நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினேழு தொண்ணூறு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பே வரல. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. எப்பேர்ப்பட்ட எறிதல்க்கா அது." கண் கலங்கியே போயிற்று அந்தப் பெண்ணுக்கு. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "ஆனா நீங்க ஏங்க்கா அந்தப் பக்கம் திரும்புனீங்க? என்னையும்தான் தொப்பியப் பாருன்னு சொல்றாரு. நான் எறிஞ்சா குண்டத்தான் பாப்பேன். அவரு தொப்பியப் போட்டா என்ன, கழட்டுனா என்ன?"

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். பதினைந்து வருடமாக ஒருத்தியால் முடியாததை, ஏதோ மழைக்குக் குடை பிடிப்பது மாதிரி. அவள் குரலில் குத்தல் இல்லை, ஏளனம் இல்லை, வெறும் பரிவுதான் இருந்தது. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. சிரித்தவர்கள் ஒருவர்மேலும் பீரங்கிக்கு அவ்வளவு வெறுப்பு வரவில்லை. அடையாளச் சான்றின் நகல் இல்லை என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள். நகல் இரண்டாவது பக்கத்தில் ஊசி குத்தி இருந்தது.

"சரிக்கா, நாளைக்கு எடுத்துட்டு வர்றேன்" என்று நெட்டை போய்விட்டாள்.

அந்த வருடத் தேசியப் போட்டிக்குப் பீரங்கியை அளவு பார்க்கும் நடுவராகப் போட்டார்கள். கௌரவமாம். வெள்ளைச் சட்டையும் மடித்துக் கட்டிய நாடாவும் கொடுத்தார்கள். சாதனையை முறிக்கிறவளுக்கு வெளிநாட்டில் ஒரு வருடப் பயிற்சிக்கு இடம் என்று அறிவித்திருந்தார்கள். நெட்டைக்கு முதல் ஐந்து வாய்ப்புகளும் பதினேழைச் சுற்றியே போயின. பீரங்கி ஒவ்வொரு தடவையும் பலகைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து நாடாவைப் படித்தாள். பதினேழு பதினொன்று. பதினாறு தொண்ணூற்றெட்டு. எழுதுபவர் எழுதிக்கொண்டார். நாடாவின் மறுமுனையைக் குண்டு விழுந்த இடத்தில் குத்திப் பிடித்திருந்தவர் பதினேழு மீட்டருக்கு அப்பால் நின்றார். அங்கிருந்து நாடாவில் எதுவும் தெரியாது.

ஆறாவது, கடைசி. நெட்டை வட்டத்துக்குள் வந்தாள், முதுகு காட்டி நின்றாள். பீரங்கி மிக அருகில் இருந்ததால் மூச்சுச் சத்தம் கேட்டது. வழுக்கித் திரும்பி எறிந்தாள். காலில் கிளம்பியது எங்கும் சிக்காமல் விரல்வரை போனதைப் பீரங்கி பார்த்தாள். குண்டு விழுந்தது. நெட்டை வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. குண்டைப் பார்த்துக்கொண்டே நின்று, நிதானமாகப் பின்வழியில் வெளியே போனாள். வெள்ளைக்கொடி.

அங்கே பார்வையாளர் வரிசையில் மாஸ்டர் தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். வேர்வையைத் துடைக்கத்தானோ என்னவோ.

நாடாவை இழுத்துப் பிடித்தார்கள். பீரங்கி முட்டி போட்டாள். முகத்தை நாடாவுக்கு அருகில் கொண்டுபோனாள். பலகையின் உள்விளிம்பில் எண் தெளிவாக இருந்தது, வெயில் நேராக அதன்மேல் அடித்தது. பதினேழு அறுபது, அதற்கு மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கோடுகள். இன்னொரு தடவை எண்ணினாள். பதினேழு அறுபத்தைந்து.

அவள் நினைத்துப் பார்த்தாள், பதினெட்டுக் கோட்டை ஒட்டி இருந்த அந்தப் பள்ளத்தை. அதை இழுத்து மூடிய ஆளின் முகம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"என்னக்கா?" என்றாள் நெட்டை.

பீரங்கி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு எழுதுபவர் பக்கம் திரும்பி, பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"பதினேழு அறுபத்தொண்ணு."

"ஒண்ணா?" என்றார் எழுதுபவர்.

"ஒண்ணு."

நாடாவைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். நெட்டை, கண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, சிரித்தபடி பீரங்கியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு சென்டிதானே, ரெண்டு இருந்தா முறிச்சிருப்பேன். பரவால்லக்கா. போனாலும் உங்க நம்பர்கிட்டதானே தோத்தேன்."

வாருகோலோடு வந்த ஆள் பள்ளத்தை இழுத்து மூடினார். எழுதுபவர் பதினேழு அறுபத்தொன்று என்று எழுதி, அடியில் கோடு போட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.